மேடைக்கு ஏழு படி

இல்லங்க சேர், உக்காருங்க. காலேஜ் அதிபர் மைக்குல உங்க பேரச் சொன்னப்புறம் மேடைக்குப் போனாப் போதும். நான் வாச்சர் இராயப்பன், மறந்துட்டீங்களா? இந்தக் காலேஜ் கேட்டுலயே நின்னு நின்னு காலு வளைஞ்சு போச்சு. பிளேன்டீயக் குடிங்க, ஆறிரும்.

ஓட்டம் பழக்குன மாஸ்டர ரிட்டயரானப்புறமும் கூப்பிட்டு மாலை போடுறாங்கன்னா சும்மாவா. அந்தா, சுவத்துல உங்க போட்டோ. கொரோனா வருசம், மூவாயிரம் மீட்டர். கப்பு உங்க கையில. ஓடுன புள்ள ஜெனுஷா ஓரமா நிக்குது, மாஸ்க்க தாடைக்கு இறக்கிக்கிட்டு.

அப்ப போட்டிக்குப் போறதா வேணாமான்னு மீட்டிங்குல பெரிய சண்டையாமே. ஜெயந்தினி மிஸ் வேணவே வேணாம்னாங்களாம். நீங்க சொன்னீங்களாம், தேயிலைத் தோட்டத்துப் புள்ளைகளுக்கு இந்த ஒரு சேட்டிபிக்கட்தான் வழி, நோய் போயிரும், போன வயசு வராதுன்னு. நியாயந்தான் சேர். கேட்டப்ப எனக்கே நியாயமாத்தான் பட்டுச்சு.

போட்டியன்னைக்கி விடிய கேட்டுல பஸ்ஸு நின்னுச்சு. காய்ச்சல் பாக்குற துப்பாக்கி என் கையில. உங்க டீமு மட்டும் தண்ணி விழுற பீலியடியில வரிசையா நின்னு மூஞ்சி கழுவிட்டு வருது. மலைத் தண்ணி, நெத்தியெல்லாம் ஐஸு. ஜெனுஷாவுக்கு முப்பத்திமூணு காட்டுச்சு. பொணத்துக்குத்தான் சேர் இப்பிடிக் காட்டும்னேன். சிரிச்சீங்க. குளிருதுல்ல, முப்பத்தாறுன்னு எழுது, பஸ் பொறப்படணும்னீங்க. எழுதுனேன்.

சும்மா சுத்தத்துக்குக் கழுவச் சொன்னீங்களா? சரி. ரெண்டு பெனடோல் மாத்திரையும் சுத்தத்துக்குத்தான் குடுத்தீங்களாக்கும். முந்துன ராத்திரியே காய்ச்சல்னு உங்ககிட்டச் சொல்லிருக்கா. பின்னால அவளே சொன்னா.

ஜெயிச்சா. நாலாம் நாள் ஒக்சிசன் வச்சாங்க. இருவத்தாறு நாளு. ஆமா, உசிரோட வந்துட்டா, அதச் சொல்லணும். இப்ப லயத்து வீட்டுக்கு ஏறுற பாதையில நாலு எடத்துல உக்காருவா. பஸ்ஸு தூரத்துல வந்தா ஓட மாட்டா, அடுத்த பஸ்ஸுக்கு நிப்பா. மூவாயிரம் மீட்டர் ஓடுனவ.

வந்து பாக்கணும்னு நெனச்சீங்களா? நாலு வருசமா நெனச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க, பாவம்.

ஏன் சேர் எந்திரிக்கிறீங்க, இன்னும் கூப்பிடல. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். இன்னைக்கி மாலை போட வர்றது ஜெனுஷாதான். பழைய சாம்பியன் கையால போட்டா அழகா இருக்கும்னு அதிபர்கிட்ட நான்தான் கேட்டேன். மேடைக்கு ஏழு படி. மூணாவதுல நிப்பா, அஞ்சாவதுல கம்பியப் புடிச்சுக்கிட்டு இன்னொருக்கா நிப்பா. ஸ்டாண்டு மைக்க படிப் பக்கமா நகத்தி வச்சிருக்கேன், அவ மூச்சு வாங்குறது கடைசி வரிசைக்கும் கேக்கும். அவ ஏறி வர்ற வரைக்கும் நீங்க குனிஞ்சு நிக்கணும், மாலைக்கு.

அவளுக்கு வருத்தமெல்லாம் இல்ல. காலையில கேட்டேன். நான் மெதுவாவே ஏறுறேன்ப்பான்னா.

ஆமா சேர், எம் மகதான். வாச்சரோட மகள்னா கூடப் படிக்கிறதுக ஏளனமாப் பேசும்னு காலேஜுக்குள்ள ரெண்டு பேரும் தெரியாதவங்க மாதிரியே இருந்தோம். அன்னைக்கி கேட்டுலயும் அப்பிடியே இருந்துட்டேன்.

இந்தா, கை தட்டுறாங்க. இப்ப எந்திரிங்க.