அகராதியில் ஒரு புதுத்தாள்

எனக்குப் பொய் சொல்ல வராது. கிள்ளானில் என் அச்சுக்கடைக்கு வருகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தியாகராசா அண்ணன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் நுரை பொங்கும் தே தாரிக் டீயும் கையுமாக வந்து உட்கார்ந்து, ஆங்கில எழுத்துக்கூட்டலில் என்னை வம்புக்கு இழுப்பார். தீர்ப்புச் சொல்வது என் மேசையில் இருக்கும் தடித்த அகராதி. தோற்றவர் பெயரை வெள்ளைப்பலகையில் எழுதினால் ஒரு வாரம் அழிக்கக்கூடாது. பதினோரு வாரமாக அதில் ரெங்கசாமி என்றே இருந்தது. அது என் பெயர்.

பன்னிரண்டாம் வாரம் அவர் என் கடையின் பெயர்ப்பலகையையே கைகாட்டினார்.

"ரெங்கா, பேப்பர், பேனை விக்கிற ஸ்டேஷனரிக்கு 'ஈ' வரவேணும். நீ போட்ட 'ஏ' அசையாம நிக்கிறதுக்கு."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அகராதியின் முதுகு பிரிந்திருக்கிறது, ஒட்டி வைத்து அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். அது பொய்யில்லை, அன்று மத்தியானமே பிரித்துவிட்டேன்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். அதே எழுத்து, அதே மெல்லிய காகிதம், பழுப்புக்குக் கொஞ்சம் தேயிலைத் தண்ணீர். அந்த இரண்டு சொற்களின் பொருளை மட்டும் இடம் மாற்றி அச்சடித்து, பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்துத் தைத்தேன். பெயர்ப்பலகையை மாற்றியிருக்கலாம்தான். ஆனால் அது அலுமினியம், வீணாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார். பிறகு தன் பெயரைத் தானே வெள்ளைப்பலகையில் எழுதினார். நான் அவருக்குத் தின்னக் கறிபாப் வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமான நாள்.

இருபது ஆண்டாகக் கோயில் மலருக்கு அவர்தான் பிழை திருத்துவார். இந்த ஆண்டு மாட்டேன் என்றுவிட்டார். அவர் மனைவி ஜனகா அக்கா எனக்குப் போன் செய்தார்.

"எழுதினதை எல்லாம் அழிச்சு அழிச்சு எழுதுறார் தம்பி. ஞாபகம் போகுதோ எண்டு பயப்படுறார்."

டாக்டரிடம் என் காரில்தான் கூட்டிப்போனேன். ஞாபகம் போவதற்குச் சாட்சியாக அண்ணன் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் இரண்டு வரிக் கடிதம் என்றாலும் என்னிடம் காட்டிய பிறகுதான் அனுப்புகிறார். முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுக்கிறேன். கோயில் மலரும் என்னிடம்தான் வந்திருக்கிறது.

பழைய தாள் என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஒருநாள் அவரிடம் கொடுத்துவிடுவேன். முதலில் அவர் மனம் தேறட்டும். இந்த நிலைமையில் இருக்கிற மனிதரிடம் போய் அதைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.