நீல டேப் ஒட்டிய ஜார்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேடைமேல் வைப்பேன். பல் தேய்ப்பேன். பால் காய்ச்சுவேன். குளித்து வருவதற்குள் வெண்ணெய் விரல் பதியும் அளவுக்கு இளகியிருக்கும். பிறகு தேயிலையைச் சர்க்கரையோடு மிக்ஸியில் பொடிப்பேன். தேயிலை மட்டும் போட்டால் நைசாகாது, பிஸ்கட்டைக் கடிக்கும்போது மணலாக உறுத்தும். நேற்றும் செய்தேன். மனைவி செத்த வீட்டில் பிஸ்கட் வாசனையா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். வேலை போனதிலிருந்து இதுதான் என் காலை. அதை ஏன் மாற்ற வேண்டும்?

அவளுக்கு முந்திரி ஆகாது. ஒரு துணுக்கு பட்டாலும் உதடு தடிக்கும், தொண்டை அடைக்கும். அதனால் மிக்ஸிக்கு இரண்டு ஜார். பிடியில் நீல டேப் ஒட்டியது அவளுடையது, அதில் முந்திரி விழக் கூடாது. மற்றது எனக்கு. நான் முந்திரியை விடவில்லை. விடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. அவசரத்துக்கு ஓர் ஊசி அலமாரியில் இருக்கும்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறு. ஜாரை மாற்றி எடுத்துவிட்டேன். அவள் மூச்சுக்குத் தவித்தாள். தொடையில் ஊசியைக் குத்தி, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குப் பிறகு சில நாள் என் கையை விடவே இல்லை. "நீ இல்லன்னா போயே போயிருப்பேன்" என்றாள்.

அந்த நாட்களின் அருமை உங்களுக்குப் புரியாது. அதற்கு முன் அந்த வீட்டில் நான் யார் என்று அவள் அண்ணனைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார். பிஸ்கட்டைத் தட்டில் தட்டிக் காட்டுவார்.

"என்ன மாப்பிள்ளை, பல் டாக்டர்கிட்ட கமிஷன் ஏதும் பேசி வச்சிருக்கீங்களா?"

"விடுண்ணா. நான் வெளியில வெந்து சாகறேன், இவரு வீட்ல உக்காந்து பிஸ்கட்டு வேக வைக்கறாரு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தட்டைக் கழுவுவது நான்தான்.

அவள் கை என் கையில் இருந்த நாட்கள் தீர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. அதனால் இரண்டாம் தடவை நானே செய்தேன். ஒரு சிட்டிகை முந்திரிப் பொடிதான். தேயிலையின் கசப்பில் தெரியாது. ஊசியும் நானே போட்டேன். இம்முறை அவள் முற்றிலும் மாறிவிட்டாள். எதிர்த்து ஒரு சொல் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நின்றாள். அண்ணன் கேலி பேசினால் "போதும்ணா" என்று அடக்கினாள். இப்படி நன்றியுள்ள மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அப்படிப்பட்டவள், கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். பை வாசலில் இருந்தது. அவளைக் கூட்டிப்போக அவர் தன் வீட்டிலிருந்து காரில் கிளம்பிவிட்டார். போனால் வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பிஸ்கட் தட்டை நீட்டினேன்.

"வயிறு நிறைஞ்சிருக்கு."

"ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

தண்ணீர் குடிப்பதுபோல் சமையலறைக்குப் போனாள். ஜார்களைத் தொட்டுப் பார்த்தாள். நீல டேப் ஜார் அப்போதுதான் கழுவிய ஈரத்தோடு இருந்தது, என்னுடையது உலர்ந்திருந்தது. திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தாள். நீல டேப் ஜாரில்தான் அரைத்திருந்தேன், முந்திரியையும். இந்த முறை சிட்டிகை அல்ல.

அவளைக் கொல்ல நினைக்கவில்லை. ஊசி என் சட்டைப் பையில் தயாராக இருந்தது. கேட்டால் போடுவது என்றுதான் நின்றேன். ஒருவர் உயிரைக் காப்பாற்றுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்பது அதிகமா? அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். காத்திருந்தேன். கடைசிவரை அவள் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் எப்படி என் கணக்கில் எழுத முடியும்?

கடைசியாக என்னைத்தான் கூப்பிட்டாள் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவள் சொன்னது இது:

"போன தடவையே தெரியும். உனக்குப் பயந்துதான் வாயைத் திறக்கல."