ஆவணியில் விழுந்த கோடு

காலையில் எனக்கு நான்கு இட்லி போதும். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பழவங்காடியில் சரோஜம் அக்கா கடையில் ஏழு வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. பிறகு சங்கரன்கோவிலிலிருந்து வன்னியராஜ் மாஸ்டர் வந்தார். அவர் இட்லியில் குறையே கிடையாது, அதுதான் குறை. ஊரே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் தட்டோடு வாசலில், சாக்கடையைப் பார்த்தபடி நின்றேன்.

நான் கோபக்காரன் இல்லை. கம்பெனியில் வரைபடம் போடுகிறவன்.

ஆடி முடிந்ததும் அக்கா நோட்டைத் தந்தார். மாதத்துக்கு ஒரு வரி, எத்தனை இட்லி போயிற்று என்று. "மக்கா, மாஸ்டர் வந்த பொறவு ஏறிச்சா எறங்கிச்சான்னு கம்ப்யூட்டர்ல கோடு போட்டுத் தா. எறங்கியிருந்தா அவரு ஊரப் பாத்துப் போட்டும்." கூட்டத்தைக் கண்ணால் பார்க்கிறவர்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் நம்புவார்.

நோட்டு போன வருட ஆவணியில் தொடங்கியது. இங்கே மலையாளிகளுக்குக் கொல்லம் ஆண்டு அப்போதுதான் பிறக்கிறது. மாஸ்டர் சேர்ந்ததும் அதே மாதம். ஆவணியில் மூவாயிரம் இட்லி, ஆடியில் ஒன்பதாயிரம். மாதங்களை வரிசைப்படுத்த நான் நிரலில் ஒரே ஒரு வரி எழுதினேன்: சித்திரை முதல் பங்குனி வரை. தமிழனுக்கு வருடம் சித்திரையில்தானே பிறக்கிறது? எண் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நோட்டின் கடைசி நான்கு மாதங்களும், மாஸ்டர் வருவதற்கு முந்தையவை போல, முன்னால் போய் நின்றன. கோடு ஆடி வரை உச்சியில் நடந்து, மாஸ்டர் வந்த ஆவணியில் கிணற்றில் விழுந்தது. விழுந்த இடத்தைச் சிவப்பாக்கினேன். அது அழகுக்காக.

கடையில் கோட்டைக் காட்டியதும் அக்கா தலையாட்டினார். மாஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுல்லா அண்ணே? அப்ப எங்கையிலதான் கொறை." இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், படுக்கைக் கோடு மாதத்தைக் காட்டும் என்று விளக்கினேன். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாற்காலி திரும்பக் கிடைத்தது. புது மாஸ்டரின் இட்லியை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் சத்தம் வரும்.

வன்னியராஜ் இப்போது வித்துராவில், மச்சினன் கடையில். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போகிறேன், நலம் விசாரிக்கத்தான். வரிசையைத் தாண்டி எனக்குத்தான் முதல் தட்டு.

"அண்ணனுக்கு வைங்கப்பா. எம்மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்ன ஒரே ஆளு இவுகதான்."

மறுக்கத்தான் நினைத்தேன். வாயில் இட்லியை வைத்துக்கொண்டு பேசுவது மரியாதை இல்லை.