வெள்ளி நிறம், இரண்டு பூச்சு

ஸ்ப்ரே பெயிண்ட் வாங்கும்போது மூடியின் நிறத்தை நம்பக் கூடாது, வட்டத் தலைவரே. மூடியில் ஒரு நிறம் இருக்கும், அடித்தால் வேறு நிறம் வரும். ஓர் அட்டையில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பார்த்தேன். அதனால் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் பட்டமளிப்பு விருந்துக்கு ஊரே வரும், கேட் துருப்பிடித்துக் கிடக்கிறது, ஏதாவது பூசி வை என்றார். துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, வெள்ளி நிறம் இரண்டு பூச்சு கொடுத்தேன். பத்தங்காஸ் மாகாணம் முழுக்கத் தேடினாலும் அப்படி மின்னுகிற கேட் கிடைக்காது. அந்தக் கேட்டில்தான் பெலிசா அத்தை பேனரைக் கட்டினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். வேதியியல். ஊரார் துணியைத் துவைத்து என்னைப் படிக்கவைத்தது அம்மா. அத்தை அப்பாவின் அக்கா, உங்கள் வட்டக் கவுன்சிலில் உறுப்பினர். தேர்தல் வருகிறது. பேனரில் என் முகம் எலுமிச்சம்பழ அளவு. ‘அன்புடன் வாழ்த்தும் அத்தை’யின் முகம் முறம் அளவு.

ஏன் அத்தை இப்படி என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“உன் மூஞ்சிய யாருடி நின்னு பாப்பா? என் மூஞ்சி இருந்தாத்தான் ஜீப்னிக்காரன் வண்டிய நிறுத்திப் படிப்பான்.”

அம்மா பேர் எங்கே என்றேன். “இடம் பத்தலடி” என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மா பூப்போட்ட கவுனை மாட்டிக்கொண்டு பேனர் முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னார். எடுத்ததும் திரும்பி, மூக்கு இடிக்கிற அளவு நெருங்கித் தன் பெயரைத் தேடினார். “சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. என் கண்ணுக்குத்தான் தெரியல” என்றார்.

கேனில் பாதி பெயிண்ட் மிச்சம் இருந்தது.

பேனர் பிளாஸ்டிக். நேராக அடித்தால் பிசுபிசுத்துக் கிடக்கும். சோப்புத் தண்ணீரில் அத்தையின் கன்னத்தைத் துடைத்தேன். பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் போட்டேன். என் முகத்தின் மேல் பெயிண்ட் படாதிருக்கச் செய்தித்தாளை ஒட்டினேன். கேனை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் அடித்தேன். எல்லாரும் ஞாயிறு பூசையில் இருந்தார்கள். செய்தித்தாளை உரித்தபோது வெள்ளிக் கடலுக்கு நடுவே நான் மட்டும் இருந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடக் கூடாது. கூடைப்பந்து வளையத்துப் பலகையில் அத்தை. ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டிகளின் நிறுத்தத்தில் அத்தை. ஆம்புலன்ஸ் கதவில் அத்தை. அது உலோகம், அதற்கு ப்ரைமர் வேறு. இறந்துபோன இஸ்கோ மாமாவின் சவப்பெட்டிக்கு மேலே கட்டிய பந்தலிலும் ‘துக்கத்தில் பங்கேற்கிறேன்’ என்று பல்லெல்லாம் தெரிய அத்தை. அங்கே ஏணியைப் பிடித்துக்கொண்டது அவருடைய மனைவி. “காதையும் விட்டுராத” என்று மட்டும் சொன்னார்.

அத்தையின் மேல் நான் அடிக்கவில்லை. கூடைப்பந்துப் பலகையைக் காப்பாற்ற அவரே கையை விரித்துக்கொண்டு நடுவில் வந்தார். காயும்வரை தொடாதீர்கள் என்று எச்சரித்தேன், தொட்டார். உள்ளங்கை வெள்ளியாக இருப்பது அதனால்தான். சமையல் எண்ணெய் தேய்த்தால் போகும். புருவத்துக்கு நாளாகும்.

நடுவில் ஓட்டை வெட்டிய அந்த அட்டை எதற்கு என்று கேட்டீர்கள். சோற்றுக் குக்கர் வந்த பெட்டியில் வெட்டியது. எல்லா இடத்திலும் வெறும் வெள்ளியாக இருந்தால் ஊர் மொட்டையாகத் தெரிகிறது. அம்மாவின் பெயரை வெட்டத்தான் உட்கார்ந்தேன். பெயர் என்றால் எழுத்தெழுத்தாக வெட்ட வேண்டும், உள்வட்டங்கள் கழன்று விழும். முகம் சுலபம். கண்ணாடியைப் பார்த்து என் முகத்தை வெட்டினேன். பலகையில், நிறுத்தத்தில், ஆம்புலன்ஸில், பந்தலில் கறுப்பில் அடித்தேன். கொஞ்சம் பெரிதாகத்தான். சின்னதாக இருந்தால் ஜீப்னிக்காரர்கள் நிற்க மாட்டார்கள்.

என்னையும் அத்தையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அவர் செய்தது ஓட்டுக்காக. நான் செய்தது முழுக்க அம்மாவுக்காக.

இன்று காலை நீங்கள் ஆள் அனுப்பியபோது அம்மாவும் கூடவே வந்தார். வழியில் ஜீப்னி நிறுத்தத்தில் நின்று, மூக்கு இடிக்கிற அளவு நெருங்கி, படத்தில் என் தாடைக்குக் கீழே எதையோ தேடினார்.

“இடம் பத்தலம்மா” என்றேன்.