கதவுக்கு வெளியே நின்றவன்

புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் எனக்கு இல்லை. அவற்றைப் படித்தவர்களின் ஊகங்களுக்குத்தான் போடுவேன். நீங்கள் கேட்ட புத்தகம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான தொடர் நாவல், சார். ஐந்து பாகம் வந்தது. ஆறாவதை எழுத்தாளர் ஏழு வருடமாக எழுதவில்லை. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் நாயகி ஒரு பனிக்கிடங்கில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறாள். வெளியே நிற்கும் தோழன் திறப்பதில்லை. ஏன்? எங்கள் மாலை வகுப்பில் பதினொரு பேர் இதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். வரும் ஊகங்களை நோட்டில் எழுதி, ஆதாரம் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று போடுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது.

குண்டூசி என் பக்கத்து இருக்கைக்காரன். ஒல்லி என்பதால் அந்தப் பெயர். கதவு கனமானது, தோழனுக்குத் தட்டல் கேட்கவே இல்லை, அவன்மேல் தப்பில்லை என்பது அவன் ஊகம். குழுவே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நான் மூன்று போட்டேன். பிறகு, குறைத்துப் போட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

பகலில் நான் வேலை பார்ப்பது மீன் கிடங்கில். அங்கே உறைய வைக்கும் அறை ஒன்று உண்டு. அதன் உட்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது எனக்குத் தெரியும். விடுமுறை நாள் மதியம் அவனை அழைத்துப்போனேன்.

"வாத்தியாரே, கேட்கலைன்னா பத்துக்குப் பத்து போடணும். பேச்சு மாறக்கூடாது."

"உள்ள போய்த் தட்டுடா, பார்க்கலாம்."

"ரெண்டே நிமிஷம்தான். மூக்கு உறைஞ்சு விழுந்துச்சுன்னா அப்புறம் எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

இரண்டு பத்துக்குக் கதவைச் சாத்தினேன். தட்டல் கேட்டது. மெலிதாகத்தான், ஆனால் தெளிவாக. குறித்துக்கொண்டேன். இரண்டு பதினான்குக்குக் குரலும் கேட்டது.

"கேட்டுச்சா? கேட்கலைன்னாலும் சரிடா, நீதான் ஜெயிச்சே. திற."

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அவன் ஊகம் விழுந்ததும் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. கேட்டும் அந்தத் தோழன் ஏன் திறக்கவில்லை? நோட்டில் இருந்த நாற்பது ஊகங்களில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. அந்தத் தோழன் நின்ற இடத்தில் நின்றால் தெரியும் என்று நினைத்தேன். நின்றேன். இரண்டரைக்குக் குண்டூசி கெட்ட வார்த்தையில் திட்டினான். மூன்று மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டான். எதையும் விடாமல் எழுதினேன். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

பொறாமை என்கிறீர்கள். குழுவில் என் ஊகத்துக்கு ஒருவர்கூடப் பதில் போடாதது உண்மைதான். ஆனாலும் அந்த ஆதாரம் போதாது என்றே எனக்குப் படுகிறது. நான் தவறாகவும் நினைக்கலாம்.

அவனைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. கடைசித் தட்டல் மூன்று ஐம்பத்தொன்றுக்கு. அதுவரைக்கும் என் இடது கை தாழ்ப்பாளின் மேலேயேதான் இருந்தது, சார். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.