ஓடைக்கு அடியில் கிடந்தது

என் தங்கைக்கு வாய் ஓயாது. காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். வாயில் நுரையோடு எதிர்வீட்டு நாயின் உடல்நலம் பற்றிச் சொல்வாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இருவர்தான். நான் வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைத்தேன். பிறகு அவளும் வேலைக்குப் போனாள். வெகுகாலம் இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, காலம் அப்படியே போய்விட்டது. எங்களுக்குள் மனஸ்தாபம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் நான் பொறுப்பாளர். எங்கள் பகுதிக்கு ஓடைத் தண்ணீர்தான். மேலே, மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் கனிமம் கழுவும் ஆலை இருந்தது. மூடி வெகுகாலமாகிறது. ஆலை போனாலும் அது கழுவிவிட்ட ஆர்சனிக் என்ற விஷம் போகவில்லை. ஓடையின் அடிச்சேற்றில் படிந்து கிடக்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை சேறு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். கோடையில் ஓட்டம் குறைந்து, அடியில் காற்று இல்லாமல் போகும்போது பிடி தளர்ந்து அது தண்ணீரில் கலந்துவிடும். தண்ணீரைப் பார்த்தோ குடித்தோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய வழக்கப்படி நாங்கள் மழைக்குப் பிறகுதான் மாதிரி எடுப்போம், அதுவும் நடு ஓட்டத்தில், மேல்மட்டத்தில். எல்லாம் நல்லபடியாகவே வரும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான் அல்ல.

ஒரு கோடையில் மட்டும், ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் உறிஞ்சுகுழாயின் வாயருகே நானே இறங்கிச் சேறும் தண்ணீரும் எடுத்தேன். வேலையில் எனக்கு அக்கறை உண்டு, எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆர்சனிக் அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு இருந்தது. மறுபடி செய்து பார்த்தேன். அதேதான்.

அன்று மாலை தங்கை தேநீரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்வேன், சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். எங்க ஆபீஸுக்கு நோட்டீஸ் அடிச்சுத் தர்றாரே, அந்த அச்சகக்காரரை. அவருக்கு முடி கம்மி. எனக்குத்தான் பேச்சு ஜாஸ்தியே, சரியாப் போயிடும்.”

சிரிக்கக் கூடாது என்றவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவருடைய அச்சகம் வேறு ஊரில், ரயிலில் அரைநாள் தூரம்.

“அப்ப அங்க போயிடுவியா?”

“பின்ன? மெஷினைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டா அவர் இங்க வருவார்? வீடு கட்டிக்கிட்டு இருக்கார். முடிஞ்சதும் போகணும்.”

மறுநாள் நீரேற்று நிலையத்து இன்ஜினியர் போன் செய்தார்.

“மேடம், தண்ணி ஒரு மாதிரி கலங்கலா வருதுன்னு புகார். நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன். வெறும் கலங்கல்தான்.”

“அப்ப மோட்டாரை ஓட்டலாமா?”

“ஓட்டுங்க.”

“நீங்க சொன்னா சரி. உங்க வீட்டுக்கும் இதே தண்ணிதானே.”

“ஆமா.”

நான் சொன்ன பொய் மொத்தமே அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்குத் திட்டம் எதுவும் இல்லை. குழாயை நிறுத்தினால் ஊரே அல்லோலகல்லோலப்படும், அச்சகக்காரர் பதறியடித்து வந்து, வீடு முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று அவளை உடனே அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று மட்டும் தோன்றியது. கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். மழை வந்ததும் நினைக்கவும் அவசியமில்லாமல் போயிற்று. அச்சகக்காரரின் வீடும் பணம் போதாமல் இழுத்துக்கொண்டே போனது.

கோடைகள் வந்து போயின. அவள் உள்ளங்கையில் தோல் தடித்தது. கழுத்திலும் மார்பிலும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், புழுதியில் மழைத்துளி விழுந்த மாதிரி.

“அக்கா, நான் சிறுத்தையா மாறிக்கிட்டு இருக்கேன், பாரு,” என்றாள். பிறகு கண்ணாடி முன்னால் நிற்பதைக் குறைத்துக்கொண்டாள். வீடு கட்டி முடிந்தபோது, இது சரியாகட்டும் என்று அவளே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடச் சொன்னது நான் அல்ல. தினமும் அவள் கைகளை மடியில் வைத்துக் களிம்பு தடவினேன். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் அப்படிக் கையை நீட்டியதில்லை. எங்கள் வாழ்க்கையின் நல்ல மாதங்கள் அவை.

தெருவிலும் பலருக்கு வந்தது. கோடிவீட்டுத் தையற்காரி ஊசி விரலில் ஏறி ரத்தம் துணியில் சொட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தாளாம். “வலிக்கவே இல்ல மேடம், நல்லதுதானே?” என்றாள். புதுத்துணிச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் வீட்டை மட்டும் யாரும் தனித்துப் பார்க்கமாட்டார்கள் அல்லவா?

அச்சகக்காரர் வந்தார். தங்கை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். நகக்கண் எல்லாம் மை.

“கறை படிஞ்ச கைதான் எனக்குப் பழக்கம். நீ வரமுடியலேன்னா போகட்டும், நான் வர்றேன். மெஷினை வித்தாச்சு. தூக்குற வேலையும் மிச்சம்.”

நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள், எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். தங்கை இனி எங்கும் போகமாட்டாள். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் காலையில் பல் துலக்கும்போது அவள் பேசியதெல்லாம் இப்போது அவரிடம். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஈரல் பலவீனம். அவரே சொன்னார். “நிறையத் தண்ணி குடிக்கணும்னு டாக்டர் உத்தரவு, அக்கா.” கோடையில் நானே செம்பில் பிடித்து அவர் பக்கத்தில் வைப்பேன். காலியானால் நிரப்புவேன். “சொந்த அக்காகூட இப்படிப் பார்த்துக்கமாட்டா,” என்று தங்கையிடம் சொல்வார். அடுத்த கோடையை அவர் பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனையில் யாரோ அவருடைய நகத்தை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் ஆர்சனிக் தெரிந்ததால்தான் நீங்கள் சேற்றைத் தேடி வந்தீர்கள். இல்லாவிட்டால் ஈரல் என்றே போயிருக்கும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும், முதல் கோடையிலிருந்தே தெரியும். தெருவுக்கு நான் எதுவும் செய்யவில்லை, குழாய் வந்த வழியில் வந்தது. அச்சகக்காரருக்கு நான் ஊற்றிக் கொடுத்தேன். தங்கைக்கு இப்போது கால் மரத்துவிட்டது, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். என்னைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். என் நகத்தில் மட்டும் ஏன் எதுவும் இல்லை என்று. பரிசோதனைக்கூடத்தில் சுத்திகரித்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, என் அறையில் வைத்துக் குடித்தேன். ஆமாம், முதல் நாளிலிருந்தே. நானும் படுத்துவிட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?