இருட்டில் பெண் பார்க்க வந்தவர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

“பொண்ணு பாக்க வந்தவரை இருட்டுல உக்கார வெச்சிட்டேன்க்கா.”

மூத்தவள் டிபன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். “ஏம்மா, கரண்டு இல்லியா?”

“இருந்திச்சு. சொன்ன நேரத்துக்கு அவங்க வரல. நான் மொட்டை மாடியில நட்சத்திரம் பாக்க உக்காந்துட்டேன். கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆவும். வெள்ளை லைட்டு பட்டா மறுபடியும் முதல்ல இருந்து பழகணும். அதான் அவரை மேல வரச் சொன்னேன்.”

“வந்தாரா?”

“வந்ததும் செல்போன் லைட்டைப் போட்டாரு. ‘அணைங்க!’னு கத்திட்டேன்.”

“ஐயையோ! கோச்சிக்கினு போயிட்டாரா?”

“இல்லக்கா. அணைச்சிட்டு, என் டார்ச்சுல ஏன் சிவப்புப் பேப்பர் சுத்தியிருக்குனு கேட்டாரு. மங்கலான சிவப்புன்னா கண்ணுக்குப் பழகின இருட்டு கலையாதுனு சொன்னேன். போனைத் தொடாம அரை மணி நேரம் கம்முனு உக்காந்தாரு. அப்புறம் அண்ணாந்து பாத்துட்டு, ‘வந்தப்ப இதெல்லாம் எங்க இருந்திச்சு?’ன்னாரு. எனக்குப் பிடிச்சிப்போச்சு. அம்மாகிட்ட சரினு சொல்லிட்டேன்.”

“ஆளு எப்படி இருக்காரு?”



“அந்தச் சிவப்பு டார்ச்சு வெளிச்சத்துல மூக்கு மட்டுந்தான்க்கா தெரிஞ்சிது. ஞாயித்துக்கிழமை பகல்ல ஒரு தரம் வரச் சொல்லியிருக்கேன்.”